ஆன்லைனா, ரத வீதியா? திருநெல்வேலிப் பக்கம் ஜவுளி எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வந்த பார்சலும், திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளில் எடுத்த கட்டைப்பையும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகின்றன. அளவு எடுக்கிற நேரத்தில் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்தக் கடைக்கும் எந்த ஆப்புக்கும் நான் ஏஜெண்ட் இல்லை.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: ஆன்லைனா, கடையா?

ஒத்துவரவில்லை என்றால் எங்கே சுலபமாகத் திருப்பிக் கொடுக்க முடியுமோ, அங்கே. விலையை எல்லாரும் ஒப்பிடுகிறோம், ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்கு நாலு ஆப்பைத் திறந்து பார்க்கிறோம். ஆனால் துணியில் மனக்குறை வருவது பெரும்பாலும் விலையால் அல்ல. அளவு இடிக்கும், நிறம் வேறாக இருக்கும், துணி மெலிசாக இருக்கும். அப்படி ஆனால் யாரிடம் கொண்டுபோய் மாற்றுவது என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்துவிட்டால் போதும். சாரத்தை (லுங்கியை) ஆன்லைனிலும் முகூர்த்தப் பட்டை டவுனிலும் வாங்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. இதில் கட்சி கட்ட ஒன்றுமில்லை.

ஆன்லைனில் விலை குறைவுதானே?

சில துணிகளுக்குக் குறைவு, சிலவற்றுக்கு அப்படித் தோன்றும். 2,499 ரூபாய் என்று போட்டு அதை அடித்துவிட்டு, 70% தள்ளுபடி போக 749 என்று காட்டுவார்கள். அந்த 2,499-க்கு அந்தக் குர்தியை யாராவது எப்போதாவது வாங்கியிருப்பார்களா என்பதுதான் கேள்வி. அடித்த விலையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 749 ரூபாய்க்கு இந்தத் துணி தகுமா என்று மட்டும் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் என்று சேர்வதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வரியில் வித்தியாசம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைகளுக்கு 5% ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் 18%. ஆப்பில் வாங்கினாலும் நம் ஊர் வண்ணாரப்பேட்டைக் கடையில் வாங்கினாலும் அதேதான். 2,600 ரூபாய் சட்டைக்கும் 2,450 ரூபாய் சட்டைக்கும் பில்லில் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்பவர்களுக்கும் காரணம் இதுதான்.

கடைக்குப் போகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதுதான் நியாயம். டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ குடும்பமாகக் கிளம்பினால் பஸ், மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், திரும்பும்போது அரைக் கிலோ அல்வா எல்லாம் ஜவுளிக் கணக்கில்தான் ஏறும். ஒரே ஒரு நைட்டிக்காக அவ்வளவு தூரம் வருவதில் அர்த்தமில்லை.

கடையில் பார்த்த அதே சேலை ஆன்லைனில் பாதி விலைக்கு இருக்கிறதே? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பெரும்பாலும் போட்டோதான் அதே. துணி வேறு. தறியில் நெய்த பூவேலையுள்ள ஒரு சேலை நன்றாக ஓடினால், அதே டிசைனைப் பாலியெஸ்டரில் பிரிண்ட் அடித்த நகல் சீக்கிரமே சந்தைக்கு வந்துவிடும். விலை குறைந்த சிந்தெடிக் சேலைகளில் பெரும்பகுதி சூரத்தில் இருந்து வருகிறது. நம் ஊர்க் கடைக்காரர்களும் அங்கிருந்து வாங்குகிறார்கள், ஆன்லைன் விற்பனையாளர்களும் அங்கிருந்துதான் அனுப்புகிறார்கள். பனியன், டி-ஷர்ட் என்றால் இரண்டு பக்கமும் திருப்பூர். சாஃப்ட் சில்க் என்றால் சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை. அதனால் ஊரை வைத்து ஒசத்தி, மட்டம் என்று சொல்ல முடியாது.

பார்சல் வந்ததும் ஒன்று செய்யுங்கள். முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நெய்த வேலையாக இருந்தால் பின்னால் நூல் ஓடியிருக்கும், அல்லது வெட்டிவிட்ட நூல் நுனிகள் கையில் தட்டும். பிரிண்டாக இருந்தால் பின்பக்கம் வெளுத்துப்போய் மொழுமொழுவென்று இருக்கும். ஜரிகை இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பளபளப்பு பொடியாக உதிர்ந்தால் அது ஒட்டிய மினுமினுப்பு. கடையில் இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஆன்லைனில் பார்சல் வந்த பிறகுதான் பார்க்க முடியும். அந்த விலைக் குறைவில் ஒரு பங்கு இதற்கும் போகிறது.

நிறம் ஏன் மாறி வருகிறது?

போட்டோவுக்குப் போடும் வெளிச்சம், உங்கள் போனின் திரை இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. மயில் கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் மாதிரியான நிறங்களில் ஏமாற்றம் அதிகம். விற்பவர் போட்ட படத்தை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் வீட்டில் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். அதில்தான் உண்மை நிறம் தெரியும்.

கடையிலும் விளக்கு ஏமாற்றும். அதனால்தான் விவரம் தெரிந்த பெரியவர்கள், "தம்பி, இத வாசல்ல வச்சுக் காட்டுங்க" என்பார்கள். விற்பனையாளரும் முகம் சுளிக்காமல் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் வந்து, முந்தானையை வெயிலில் விரித்துக் காட்டுவார். மூன்றாவது மாடியில் எடுக்கும் துணிக்கு இது கொஞ்சம் சிரமம். ஜன்னல் பக்கமாவது கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள்.

எப்போதும் எல் சைஸ்தான் போடுகிறேன். ஆன்லைனில் வாங்கினால் ஒருமுறை தொளதொள, ஒருமுறை இறுக்கம். ஏன்?

ஒவ்வொரு கம்பெனியும் எல் என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. எழுத்தை நம்பாதீர்கள், இஞ்சை நம்புங்கள். வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு குர்தியைத் தரையில் மடிப்பில்லாமல் விரியுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப்பில் அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள்பட்டையின் ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை அளந்துகொள்ளுங்கள். உயரத்தையும் கை நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் இருக்கும் அளவுப் பட்டியலில் இந்த எண்களைத் தேடுங்கள். அங்கே ஒரு வில்லங்கம் உண்டு: சில பட்டியல்கள் உடம்பு அளவைச் சொல்லும், சில துணியின் அளவைச் சொல்லும். உடம்பு 36 என்றால் துணி 38, 40 இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். எது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

இரண்டு சைஸுக்கு நடுவில் இருக்கிறீர்கள் என்றால் பெரியதை எடுங்கள். பெரியதைப் பிடித்துத் தந்துவிடலாம். சிறியதைப் பிரித்துவிட உள்ளே துணி இருக்க வேண்டும். விலை குறைந்த ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து அரை இஞ்ச்கூட விடாமல் வெட்டியிருப்பார்கள். "யக்கா, கொஞ்சம் லூஸ் பண்ணித் தாங்க" என்று கொண்டு வருகிறவர்களிடம் நான் கையை விரிப்பது இதனால்தான். தோள்பட்டை பெரிதாக இருந்தால் மட்டும் வாங்காதீர்கள், கையைக் கழற்றி மறுபடி வைக்க வேண்டிவரும். அந்தக் கூலிக்கு இன்னொரு குர்தியே வாங்கிவிடலாம்.

ஆன்லைன் சேலையில் ஜாக்கெட் துணி பற்றவில்லை என்கிறீர்களே?

சேலை ஐந்தரை மீட்டர், ஜாக்கெட் பிட்டு 80 சென்டிமீட்டர், ஆக 6.30 மீட்டர். இதுதான் வழக்கமான கணக்கு. விவரத்தில் மொத்தம் 5.5 மீட்டர் என்று மட்டும் போட்டிருந்தால் ஜாக்கெட் தனியாக வருகிறதா, அதற்குள்ளேயே வெட்ட வேண்டுமா என்று பாருங்கள். அதற்குள்ளேயே வெட்டினால் கொசுவம் குறைந்துவிடும், கொஞ்சம் உடம்பு உள்ளவர்களுக்குக் கட்டவே வராது. முழங்கை வரை கை வைத்து, லூசாகத் தைக்க வேண்டும் என்றால் 80 சென்டிமீட்டர் பற்றாது, ஒரு மீட்டர் வேண்டும். பார்சல் வந்த அன்றே டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். வெட்டிய பிறகு யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

கல்யாணப் பட்டை ஆன்லைனில் எடுக்கலாமா?

எடுக்கலாம். நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். துணியைத் தொட்டுப் பார்ப்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் அல்ல. கல்யாண ஜவுளி எடுப்பு என்பது இரண்டு வீட்டார் சேர்ந்து உட்காரும் ஒரு காரியம். மாப்பிள்ளையின் அக்காவுக்கு என்ன விலையில், பெண்ணின் சித்திக்கு என்ன விலையில் என்பதெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் முடிவாகும். மதினிக்குப் பிடிக்காத நிறத்தை மதினி எதிரிலேயே மாற்றிவிடலாம். இதே பேச்சை வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பி நடத்திப் பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும். ஒருத்தர் 'சரி' போட, இன்னொருத்தர் பார்க்காமலே இருந்துவிட, அது தனிச் சண்டையாகப் போனது.

நம் ஊருக்கு இதில் பழக்கமும் அதிகம். ஆர்.எம்.கே.வி. 1924-ல் திருநெல்வேலியில் தொடங்கிய கடை. போத்தீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வளர்ந்தது. இரண்டு பெயரும் இப்போது ஆன்லைனிலும் விற்கின்றன, அதனால் கடை வேறு ஆன்லைன் வேறு என்று பிரிப்பதே இப்போது கொஞ்சம் பழைய பேச்சு.

எங்கே எடுத்தாலும் பட்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த சில்க் மார்க் சீட்டு, ஹாலோகிராமோடு சேலையில் தொங்கும். அது பட்டு நூலுக்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. ஜரிகை வெள்ளியா, செம்புக் கம்பியா, வெறும் பிளாஸ்டிக் இழையா என்று தனியாகக் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 'ஆர்ட் சில்க்' என்று போட்டிருந்தால் அது பட்டே இல்லை. வீட்டில் சந்தேகம் வந்தால் சேலை ஓரத்தில் நீளவாக்கில் ஓர் இழை, குறுக்கில் ஓர் இழை உருவித் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகக் கட்டிக்கொண்டால் பாலியெஸ்டர். பாவு (நீள இழை) பட்டும் ஊடை (குறுக்கு இழை) பாலியெஸ்டருமாக வரும் சேலைகள் உண்டு, அதனால்தான் இரண்டு இழை.

கைத்தறி வேண்டும். எங்கே வாங்குவது?

வீரவநல்லூருக்குப் போங்கள், அம்பாசமுத்திரம் போகும் வழிதான். அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியும் பூவுமாக இருக்கும் அந்த வேலை, பார்ப்பதற்கு மேலே எம்பிராய்டரி போட்டது போல இருக்கும். உண்மையில் நெய்யும்போதே புட்டா நூலைக் கையால் கோத்து விடுகிறார்கள். பருத்தியும் செயற்கைப் பட்டும் கலந்து வருவதால் காஞ்சிபுரம் விலையெல்லாம் ஆகாது. புவிசார் குறியீடு வந்த எந்தப் பொருளுக்கும் சீக்கிரமே விசைத்தறி நகல் முளைக்கும், ஆன்லைனில் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ கோ-ஆப்டெக்ஸோ என்றால் கவலையில்லை. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸுக்குத் திருநெல்வேலியிலும் கடை உண்டு, ஆன்லைன் விற்பனையும் உண்டு. தீபாவளியை ஒட்டி 30% தள்ளுபடி தருவார்கள்.

தினமும் கட்டுவதற்குக் காட்டன் சேலை என்றால் சங்கரன்கோவில். அது விசைத்தறிதான், அதற்கேற்ற விலையும்தான்.

சாரம், வேட்டி, துண்டு, பனியன்?

ஒருமுறை பிடித்த பிராண்டும் அளவும் தெரிந்துவிட்டால் ஆன்லைனில் மொத்தமாக வாங்குங்கள். வேட்டியில் மட்டும் நாலு முழமா எட்டு முழமா என்று இரண்டு தடவை பாருங்கள். இரண்டும் மடித்து வைத்த படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

சின்ன ஊர்க் கடைகளில் இன்னும் என்ன இருக்கிறது?

களக்காட்டிலோ திசையன்விளையிலோ கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடை இருக்கும். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். "வீட்டுல காட்டிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றால், நாலைந்து சேலையை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, நோட்டில் பெயரையும் எத்தனை உருப்படி என்பதையும் குறித்துக்கொள்வார். பணம் வாங்க மாட்டார். வீட்டில் பாட்டி வரை பார்த்து, கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கலாம். போட்டுப் பார்த்துவிட்டு வாங்கும் வசதி என்று ஆப்கள் பெருமையாக விளம்பரம் செய்வதை இவர் விளம்பரமே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார். அறுப்பு முடிந்து தருகிறேன், பீடிக் கூலி வந்ததும் தருகிறேன் என்றால் அதற்கும் அந்த நோட்டில் இடம் உண்டு. வட்டி இல்லை, சிபில் ஸ்கோர் இல்லை. ஆனால் கொடுக்காமல் போனால் ஊருக்கே தெரியும், அதுவும் ஒரு வட்டிதான்.

குறைகளும் உண்டு. சரக்கு கொஞ்சம்தான், போன வருஷத்து டிசைனும் கலந்திருக்கும். டிரையல் ரூம் பல கடைகளில் இருக்காது. இரண்டு எக்ஸ்எல்லுக்கு மேல் கேட்டால் தலையைச் சொறிவார்கள், அந்த அளவுக்காரர்களுக்கு ஆன்லைன் உண்மையிலேயே பெரிய வரம். உள்ளாடையும் அப்படித்தான். தெரிந்த அண்ணாச்சியிடம் நின்று சைஸ் சொல்லக் கூசியே அளவில்லாததை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்த பெண்கள், இப்போது போனில் சரியான அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் உள்ளாடையைக் கடையிலும் திருப்பி வாங்க மாட்டார்கள், ஆன்லைனிலும் பெரும்பாலும் மாட்டார்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கிப் பாருங்கள்.

ஆடித் தள்ளுபடி உண்மையானதா?

பாதி உண்மை. தீபாவளிச் சரக்கு இறக்குவதற்கு இடம் காலி செய்ய விற்பதும் உண்டு, ஆடிக்கென்றே இறக்குவதும் உண்டு. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் யோசியுங்கள். வேட்டி, உள்பாவாடை, பெட்ஷீட் இவற்றை அந்த நேரத்தில் எடுத்து வைப்பது லாபம்தான். ஆன்லைனில் நவராத்திரி, தீபாவளியை ஒட்டி வரும் பெரிய விற்பனைகளுக்கும் இதே பதில். கூடுதலாக ஒன்று: 'இன்னும் 2 மட்டுமே உள்ளன', 'சலுகை முடிய 9 நிமிடம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே தடை செய்திருக்கிறது. நானே சோதித்ததில், அந்த ஒன்பது நிமிடம் மறுநாளும் ஓடிக்கொண்டிருந்தது.

பில்லில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்களே?

துணியில் குறை இருந்தால் அந்த வரி செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படித்தான். அதனால் 'பில் போட்டா வரி சேரும், பரவாயில்லையா' என்று கேட்டால் பரவாயில்லை, போடுங்கள் என்று சொல்லுங்கள்.

ஆனால் உங்களுக்கு நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அங்கே கடையின் வழக்கம்தான். பெரிய கடைகள் பில்லோடு போனால் சில நாளுக்குள் மாற்றித் தருகின்றன, பணமாகத் தருவது அரிது. பில் போடுவது ஓர் இடம், பணம் கட்டுவது ஓர் இடம், துணியை வாங்குவது வேறோர் இடம் என்று மூன்று கவுண்டர் ஏறி இறங்குவீர்களே, அதில் முதல் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை நாள், எந்த நேரம் வந்தால் மாற்றலாம், தள்ளுபடித் துணிக்கும் உண்டா? தீபாவளிக்கு முந்தின வாரம் மாற்றப் போகவே போகாதீர்கள். ரத வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ஆன்லைனில் திருப்பி அனுப்பினால் பணம் வந்துவிடுமா?

பெரிய தளங்களில் பெரும்பாலும் வந்துவிடும். சிக்கல் வருவது எடுத்துச் செல்வதில். திருநெல்வேலி மாநகரில் பிக்கப் ஆள் வீட்டு வாசலுக்கு வருவார். மலையடிவார ஊர்களிலும் கடலோர ஊர்களிலும் 'மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து கொடுங்க' என்பார், சில பின்கோடுகளுக்குப் பிக்கப்பே இருக்காது, நீங்களே தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும். ஆர்டர் போடும் முன் உங்கள் பின்கோடை அடித்து டெலிவரி உண்டா என்பதோடு ரிட்டர்ன் உண்டா என்றும் பாருங்கள். சில பொருள்களுக்கு மாற்றித் தருவது மட்டும்தான், பணம் கிடையாது, அது சின்ன எழுத்தில் இருக்கும்.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள். டேக்கை வெட்டாமல் போட்டுப் பாருங்கள், பவுடர், சென்ட் படக்கூடாது. வந்த துணியிலேயே பவுடர் கறையோ வியர்வை வாசமோ இருந்தால் அது ஏற்கெனவே ஒருவர் திருப்பி அனுப்பியது. அதையும் வீடியோவில் காட்டுங்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இங்கே உதவும். குறையுள்ளது, போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தது, இவற்றைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் மாதிரிக் காரணத்தால் தாமதம் என்றால் அது வேறு. ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பவர்களை நம்பலாமா?

நம் பக்கத்துப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே நல்லபடியாக விற்கிறார்கள், அவர்களிடம் வாங்கிய சேலைகளுக்கு நான் ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். அவர்களோடு போலிகளும் கலந்திருக்கிறார்கள். அடையாளம் இதுதான்: முகவரி இருக்காது, கமெண்ட் போட முடியாதபடி மூடியிருக்கும், பட்டுச் சேலை 599 ரூபாய் என்பார்கள், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். ரீபண்ட் அனுப்புகிறோம், யு.பி.ஐ. பின் போடுங்கள் என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் அப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளுக்கு?

வளரும் பிள்ளைகளுக்கு ஒரு சைஸ் கூட்டி, எங்கே மலிவோ அங்கே. பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டும் உள்ளூரில். அந்த நிறத்தைப் போனில் பார்த்து ஒத்துப் பார்க்கவே முடியாது.

கோயில் கொடைக்கு, பங்குனி உத்திரத்துக்கு எத்தனை நாள் முன்னால் ஆர்டர் போட வேண்டும்?

கொடை நாளுக்கோ, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் நாளுக்கோ மூன்று வாரம் முன்னால் ஆர்டர் போட்டுவிட வேண்டும். டெலிவரி ஒரு வாரம், அளவு சரியில்லை என்று மாற்றினால் இன்னொரு வாரம், ஜாக்கெட் தைக்க ஒரு வாரம். இதில் ஒன்று தள்ளிப்போனாலும் கொடைக்குப் பழைய ஜாக்கெட்தான். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஆன்லைன் பேச்சே வேண்டாம், நேராக டவுனுக்குப் போய்விட்டு அப்படியே தையல் கடைக்கு வாருங்கள். வரும்போது அளவு ஜாக்கெட்டை மறக்காதீர்கள். அதில்லாமல் வந்து, போன தடவை கொடுத்த அளவு உங்க நோட்டுல இருக்குமே என்பவர்களுக்கு: இருக்கும், ஆனால் நீங்கள் அப்போது இருந்த அளவில் இருக்கும்.

உள்ளூர்க் கடையில் வாங்குவது நம் கடமையா?

கடமை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கடையில் இருநூறு சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஆன்லைனில் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை மறுபடி மடித்து வைப்பது ஒரு பெண். ஜவுளிக் கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த நிலைமைக்காகத்தான் 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அடுத்த தடவை போகும்போது நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் பார்சல் சுமந்து வரும் பையனும் நம் ஊர்ப் பையன்தான். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு 2023-ல் மாநில அரசு தனி நல வாரியம் அமைத்திருக்கிறது. பதிவு செய்துவிட்டீர்களா தம்பி என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

ஆன்லைன் கம்பெனி மேல் புகார் கொடுக்க பெங்களூருக்கா போக முடியும்?

வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி, விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். பில், ஆர்டர் விவரம், பார்சல் வீடியோ, அவர்களோடு பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 800 ரூபாய் குர்திக்காக யார் அலைவது என்று கேட்பீர்கள். 1915-க்கு ஒரு போன்தானே, அதையாவது செய்யுங்கள்.

நான் ஆர்டர் போடாத பார்சலுக்கு அம்மா காசு கொடுத்து வாங்கி வைத்துவிட்டார். என்ன செய்ய?

பகலில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் இது நடக்கிறது. பிள்ளை ஏதோ ஆர்டர் போட்டிருப்பான் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்சலைப் பிரிக்காமல், மேலே இருக்கும் அனுப்புநர் பெயரையும் டிராக்கிங் எண்ணையும் படம் எடுத்து, கூரியர் நிறுவனத்திடமும் 1915-லும் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சீட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள், க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்யாதீர்கள். வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: காசு கொடுத்து வாங்க வேண்டிய பார்சல் எது வந்தாலும் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். டெலிவரிப் பையன் அவசரப்படுத்தினால் நாளைக்கு வரச் சொல்லலாம், அவர்கள் வருவார்கள்.